கணினி சொன்ன தோல்வி

திருகோணமலை உட்துறைமுக வீதிச் சங்க மண்டபத்தில் மற்ற மேசைகள் எல்லாம் முடிந்து, ஓர் ஆட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிழக்கு மாகாண அரச ஊழியர் சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்று. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். வென்றவர்களும் தோற்றவர்களும் கதிரைகளை இழுத்துக்கொண்டு வந்து அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரர், துறைமுக அலுவலகத்தில் கணக்காளர், மூன்று வருடமாக மாகாணச் சம்பியன். கறுப்புக் காய்களுக்குப் பின்னால் கமலாதேவி. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். கப்பல்துறையில் வீடு. வெளியே தலைகாட்ட முடியாத ஊரடங்கு நாட்களில் பல்கலைக்கழக விடுதியில் சதுரங்கம் பழகியவள். அலுவலகத்தில் அவளுக்கு விடாக்கண்டி என்று ஒரு பெயர் இருந்தது. யாரும் அதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிந்ததில்லை.

முதலிடம் ஸெய்னுதீனுக்கு ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. கொழும்பில் நடக்கும் தேசியப் போட்டிக்கு முதல் இரண்டு பேர் போகலாம். இந்த ஆட்டத்தைச் சமன் செய்தால் கமலாதேவி இரண்டாவது ஆள். தோற்றால் இல்லை.

பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவள் தோற்றுவிட்டாள் என்றே பட்டது. ஸெய்னுதீனிடம் இரண்டு கோட்டைகள் இருந்தன. அவளிடம் ராசாவையும் சிப்பாய்களையும் விட்டால் மூலைவாக்கில் மட்டும் ஓடும் ஒரேயொரு மந்திரி. சற்று முன்தான் தன் கடைசிக் கோட்டையைக் காப்பாற்றாமல் வெட்டக் கொடுத்திருந்தாள். பின்னாலிருந்து யாரோ "சீ" என்றது அவள் காதிலும் விழுந்தது. ஆனால் கோட்டையைக் காப்பாற்றச் செலவழித்திருக்க வேண்டிய அந்த ஒரு நகர்வை அவள் வேறொன்றுக்கு வைத்திருந்தாள். ஓரத்துச் சிப்பாயை ஓர் அடி முன்னே தள்ளினாள்.

அதோடு எட்டு வெள்ளைச் சிப்பாய்களும் எட்டுக் கறுப்புச் சிப்பாய்களும் பலகையின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு நின்றுவிட்டன. ஒன்றும் முன்னே போக முடியாது. ஒன்றையொன்று வெட்டவும் முடியாது. ஏறியும் இறங்கியும் போன அந்த மதிலில் ஓர் ஓட்டை இல்லை. இரண்டு வெள்ளைக் கோட்டைகளும் மதிலுக்கு அந்தப் பக்கம். கறுப்பு ராசா இந்தப் பக்கம்.

ஸெய்னுதீன் குனிந்து பலகையைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்ததைக் கமலாதேவி கண்டாள்.

அந்த நேரத்தில்தான் துறைமுகத்துக்குள் பெரிய சத்தமொன்று கேட்டது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காய்கள் நடுங்கின. எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்பியதில் கதிரைகள் சரிந்தன. அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகச் சூட்டுச் சத்தங்களும் சைரனும் வந்தன. சிறிது நேரத்தில் இரண்டு இராணுவச் சிப்பாய்கள் வாசலில் வந்து நின்று, கையை வீசி எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கேர்பியூ போடப் போகிறார்களாம்.

நடுவர் கனகரத்தினம் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. கல்வி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எது நடந்தாலும் விதிப்படி நடக்கவேண்டும் அவருக்கு. எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்.

"பிறகு பாப்பம். கவனமாப் போங்கோ," என்றார்.

கிண்ணியாப் பக்கம் போகிறவர்கள் கடைசிப் பாதையைப் பிடிக்க ஓடினார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் அந்த மிதவை நின்றுவிட்டால், அவர்களுக்கு இரவு நகரத்தில்தான். ஸெய்னுதீன் ஓடுகிற ஓட்டத்தில் திரும்பிக் கமலாதேவியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊரடங்கு எடுபட நாட்கள் பிடித்தன. கமலாதேவி சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கத்தில் பலகையை விரித்து அந்த நிலையை அடுக்கி வைத்திருந்தாள். தன் பக்கத்திலிருந்து பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் ஸெய்னுதீனின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த வழியால் உள்ளே வரலாம் என்று தேடினாள். கிடைக்கவில்லை. அவளுடைய கணவன் குணரத்தினம் பஸ் டிப்போவில் மெக்கானிக். சாப்பாட்டுக் கோப்பையை வைக்க இடமில்லாமல் அதைக் கையில் பிடித்தபடியே சாப்பிட்டான்.

"ஆர் வெல்லுறது?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. அதுதான் வடிவு," என்றாள் அவள்.

ஊரடங்கு எடுபட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய சில நாட்களில் சங்க மண்டப அறிவித்தல் பலகையில் முடிவுகளைக் கண்டாள். அவளுடைய பெயருக்கு நேரே 'தோல்வி' என்றிருந்தது. பக்கத்தில் அடைப்புக்குள் ஒரு குறிப்பு: 'கணினித் தீர்ப்பு.'

அவள் அப்படியே நடந்து கனகரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் முன் விறாந்தையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"இருங்கோ பிள்ளை. தண்ணி குடிக்கிறியளே?"

"வேண்டாம் சேர். நான் எப்ப தோத்தனான்?"

கனகரத்தினம் பேப்பரை மடித்து வைத்தார். "கொழும்பில இருந்து முடிவைக் கேட்டு ஒரே போன். முடியாத ஆட்டத்துக்கு நடுவர் தீர்ப்புச் சொல்லலாம் எண்டு விதி இருக்கு. எனக்கு அந்த அளவுக்கு விளையாட்டு வராது. பிழையாச் சொல்லிப்போடுவன் எண்டு பயம். அதுதான் கம்பியூட்டர் வகுப்பு நடத்துற பாயிஸிட்டப் போனனான். அவர் அந்த நிலையைப் போட்டுப் பாத்தார். வெள்ளைக்கு ஏழு சிப்பாய் பெறுமதி கூட எண்டு காட்டிச்சுது. ஏழு, பிள்ளை! நான் என்ன செய்ய?"

"அது பாத்ததோ, எண்ணினதோ?"

"என்ன?"

"ரெண்டு கோட்டைக்குப் பத்துச் சிப்பாய் பெறுமதி, ஒரு மந்திரிக்கு மூண்டு. கழிச்சா மிச்சம் ஏழு. இது எண்ணுறது. பாத்திருந்தா மதிலைக் கண்டிருக்குமே. அந்தக் கோட்டையள் எந்த வழியால வருமாம்? அதைக் கேட்டனீங்களோ?"

"உலகச் சம்பியனையே இயந்திரம் வெண்டு ரெண்டு வருஷமாச்சு. நீங்களும் நானும் அதுக்குப் பிழை பிடிக்கலாமே?"

"உலகச் சம்பியன் அவற்ற ஆட்டத்தை விளையாடித் தோத்தவர். நான் இன்னும் விளையாடி முடியேல்லை, சேர். நான் தோத்தா, தோத்தன் எண்டு நான் சொல்லோணும். இல்லாட்டி என்ர ராசாவை ஆரும் பிடிச்சுக் காட்டோணும். வெல்லுவன் எண்டு சொல்லுறது போதாது. அந்தப் பெட்டிக்கு வெல்ல ஏலுமெண்டா, வந்து வெல்லட்டும். நான் கறுப்பு. அது வெள்ளை. அதே நிலையில இருந்து."

கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கனகரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடி ஒரு விதி இல்லை," என்றார். பிறகு, "அப்பிடிச் செய்யக்கூடாது எண்டும் விதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலமை வாங்கோ. ஸெய்னுதீனையும் கூப்பிடுறன்," என்றார்.

அன்று பின்னேரம் விசயத்தைக் கேட்ட குணரத்தினம், தலையில் கைவைத்தான்.

"சோதனைச் சாவடியில கைப்பையைத் தலைகீழாக் கொட்டேக்க வாயைத் திறக்கேல்லை. எங்கட காணி வளவுக்குள்ளயே போகாதையுங்கோ எண்டு ஆமி மறிச்சபோதும் பேசாமத் திரும்பி வந்தனாங்கள். இப்ப ஒரு விளையாட்டுக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறீர்."

"அங்கையெல்லாம் சுடுற துவக்கு இருந்தது," என்றாள் கமலாதேவி. "இஞ்ச வெறும் பெட்டிதானே இருக்கு. அதுக்கு முன்னாலயும் நான் வாயை மூடிக்கொண்டு நிக்கோணுமோ?"

குணரத்தினம் ஞாயிற்றுக்கிழமை தானும் வருவதாகச் சொன்னான்.

பாயிஸின் கணினி வகுப்பு தபால் கந்தோருக்குப் பின்னால் ஒரு மாடி அறை. முப்பது வயதுக்காரன். கொழும்பில் படித்துவிட்டு, அங்கேயே வேலை கிடைத்தும் வேண்டாமென்று ஊருக்கு வந்து வகுப்புத் தொடங்கியவன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அவனிடம் ஒரு கல்யாண வீட்டுப் பரபரப்பு இருந்தது. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி, எல்லோருக்கும் பால் போடாத பிளேன்ரீ சொல்லியிருந்தான். கணினிக்கு முன்னால் ஒரு மரப் பலகை. திரையில் கணினி ஆடுவதை அவன் பலகையில் வைப்பான். கமலாதேவி பலகையில் ஆடுவதைத் தட்டச்சு செய்வான்.

"மிஸ், கோவிக்காதீங்க," என்றான் முதலிலேயே. "நான் உங்களுக்கு எதிரா ஒண்டும் செய்யல்ல. சேர் கேட்டார், போட்டுப் பாத்தேன்."

"தெரியும் தம்பி. உங்களோட கோவமில்லை. போடுங்கோ."

ஸெய்னுதீன் பின்வரிசையில் யன்னலோரமாக உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் யாரோடும் பெரிதாகக் கதைக்கவில்லை.

பாயிஸ் ஒரு பொத்தானைத் தட்டினான். திரையின் மூலையில் எண்கள் ஓடத் தொடங்கி ஏழில் வந்து நின்றன. வெள்ளைக் கோட்டை ஒன்று இடப்பக்கம் போனது. கமலாதேவி தன் மந்திரியைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினாள். மற்றக் கோட்டை வலப்பக்கம் போனது. அவள் மந்திரியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். வெள்ளை ராசா ஓரடி எடுத்து வைத்தார். அவள் மறுபடி மந்திரியை நகர்த்தினாள்.

முதலில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அடுத்த நகர்வில் ஏதோ நடக்கப்போகிறது என்று நினைத்தார்கள். கோட்டைகள் மதிலின் பின்னால் இங்கும் அங்கும் உலாவின. ஒன்றின் பின் ஒன்றாக நின்றன, பிரிந்தன, திரும்பவும் ஒன்றாக வந்தன. வெள்ளை ராசா பலகையின் கரைநெடுக நடந்துபோய்த் திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் திரையில் ஏழு. சில வேளை ஏழுக்குச் சற்று மேலே. யாரோ கொட்டாவி விட்டார்கள். கீழே தெருவில், நகரத்துக்குள் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. சிலர் அதை வேடிக்கை பார்க்க யன்னலுக்குப் போனார்கள்.

நடுவில் கரண்ட் நின்றது. மின்கலப் பெட்டி கீச்சிடத் தொடங்கியதும் பாயிஸ் விழுந்தடித்து ஓடிப்போய் ஜெனரேட்டரைத் தட்டிவிட்டு வியர்வையோடு வந்தான். திரை அணையவில்லை. ஏழும் மாறவில்லை.

கமலாதேவிக்கு இடையில் ஒரு பயம் வந்தது. சாப்பாட்டு மேசையில் தான் காணாத ஒன்றை இந்தப் பெட்டி கண்டு, அதற்காகத்தான் இத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ? பிறகு கோட்டைகள் போன வழியைத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். முன்பு நின்ற இடத்துக்கே வந்திருந்தன. பெட்டிக்கு ஒரு திட்டமும் இல்லை. தான் முட்டிக்கொண்டு நிற்பதே அதற்குத் தெரியாது.

சிப்பாய் ஒன்றும் அசையாமல், காய் ஒன்றும் வெட்டுப்படாமல் ஐம்பது நகர்வு போனால் ஆட்டம் சமன் என்பது விதி. கனகரத்தினம் ஒவ்வொரு நகர்வுக்கும் கோடு போட்டு வந்தவர், ஐம்பதாவது கோடும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"நிப்பாட்டுங்கோ. சமன்."

பாயிஸ் திரையைக் காட்டினான். "இன்னும் ஏழு எண்டுதான் நிக்குது, சேர்."

"அது நிக்கட்டும்," என்றார் கனகரத்தினம்.

பின்னால் நின்ற குணரத்தினம் கை தட்டினான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டினார்கள். ஆனால் பாயிஸ் எழும்பவில்லை. அவன் நேர்மையான ஆள்; மனதில் பட்டதைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

"மிஸ், ஒரு கதை. மிசினுக்கு இந்த மதிலை உடைக்கத் தெரியா எண்டு நம்மளுக்கு இப்ப விளங்குது. சரி. ஆனா அண்டைக்கு உங்களோட ஆடினது மிசின் இல்லையே. ஸெய்னுதீன் நானாதானே? மிசினுக்குக் கிடைக்காத வழி அவருக்குக் கிடைச்சிருந்தா?"

கமலாதேவிக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி சரியானதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப அவரையே கேப்பம்," என்றாள். பாயிஸைப் போலவே, அண்ணன் என்ற முறையில் கூப்பிட்டாள். "நானா, வாங்கோ. வந்து இருங்கோ."

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஸெய்னுதீன் எழும்பி வந்து வெள்ளைப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். கனகரத்தினம் காய்களைப் பழைய நிலைக்கே அடுக்கினார். ஸெய்னுதீன் இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பிளேன்ரீ ஆறியது. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அவர் மதிலை ஒரு கரையிலிருந்து மறுகரை வரைக்கும் கண்ணால் தடவிக்கொண்டு போவதைக் கமலாதேவி பார்த்தாள். தானும் வீட்டில் இப்படித்தான் தடவினாள்.

பிறகு அவர் ஒரு கோட்டையைத் தூக்கினார். கணினி ஒருமுறையும் வைக்காத ஒரு கட்டத்தில், மதிலின் வாசலில், இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் எட்டிப் பிடிக்கக்கூடிய இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காவல் எதுவும் இல்லை. சும்மா கிடைக்கிற கோட்டை.

"எடுங்கோ!" என்றான் குணரத்தினம், தன்னை மறந்து. கனகரத்தினம் அவனை முறைத்தார்.

கமலாதேவியின் கை சிப்பாயை நோக்கிப் போய்விட்டது. தொட்டால் அதையே ஆடவேண்டும். விரல் சிப்பாயின் தலைக்கு மேலே வந்து நின்றது.

ஸெய்னுதீனோடு அவள் பல வருடமாக ஆடியிருக்கிறாள். ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விடுகிற ஆள் இல்லை அவர். ஒரு கோட்டையை ஏன் வீதியில் வைக்கிறார்? அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எடுத்தால் என்ன ஆகும்? எடுக்கிற சிப்பாய் தன் இடத்தை விட்டுப் பக்கத்து வரிசைக்குப் போகவேண்டும். அது நின்ற இடம் வெறுமையாகும். அந்த இடத்தால் முதலில் ஒரு வெள்ளைச் சிப்பாய் முன்னேறும். அதைப் பிடிக்க இன்னொரு கறுப்புச் சிப்பாய் இடம்பெயரும். பிறகு மற்றக் கோட்டை உள்ளே வரும். மந்திரி ஒன்றால் அதை மறிக்க ஏலாது. மதிலை வெளியிலிருந்து உடைக்க வழியில்லை என்று ஸெய்னுதீன் கண்டுகொண்டார். அதனால்தான் அவளைக் கொண்டே கதவைத் திறப்பிக்கப் பார்க்கிறார்.

எடுக்காவிட்டால்? அந்தக் கோட்டையால் அங்கே நின்று ஒன்றும் செய்ய முடியாது. நிற்கட்டும்.

அவள் மந்திரியை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்தாள்.

"ஐயோ," என்றான் குணரத்தினம்.

ஸெய்னுதீன் கதிரையில் சாய்ந்து சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"எடுக்க மாட்டீங்க எண்டு தெரியும்," என்றார். "எண்டாலும் கேக்காம விட ஏலாதே." பலகைக்கு மேலால் கையை நீட்டினார். "சமன். வேற வழி இல்ல."

கமலாதேவி கையைக் கொடுத்தாள். அவருடைய கையை விடாமலே கேட்டாள்:

"உங்களுக்கு இது எப்ப தெரியும், நானா?"

அவர் கண்ணைத் தாழ்த்தினார். "நீங்க அந்தக் கடைசிச் சிப்பாயைத் தள்ளினதோட தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"ஆரும் என்னட்டக் கேக்கல்ல, மிஸ். மிசினைத்தான் கேட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "வெண்டுட்டாய் எண்டு ஆளுக்காள் வந்து கை குடுக்கக்குள்ள, இல்ல எண்டு சொல்ல வாய் வரல்ல. அதுதான் உண்மை. ஞாயிற்றுக்கிழமை வாங்க எண்டு சேர் சொன்ன உடனே எனக்குப் பெரிய ஆறுதல்."

கமலாதேவிக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே பாதி இறங்கியது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டே, "அடுத்த தடவை சொல்லுங்கோ," என்றாள்.

"சொல்லுவன்."

பாயிஸ் அதற்குள் கணினியில் எதையோ மாற்றிக்கொண்டிருந்தான். ஸெய்னுதீன் கோட்டையை வைத்த அதே நிலையைப் போட்டு, இந்தத் தடவை கணினியைக் கறுப்பு ஆடச் சொன்னான். பொத்தானைத் தட்டிய கையோடு கறுப்புச் சிப்பாய் பாய்ந்து கோட்டையை வெட்டியது. திரையில் இருந்த எண் சடாரென்று ஏழிலிருந்து இரண்டுக்கு இறங்கியது.

"சந்தோசத்தைப் பாருங்க!" என்றார் ஸெய்னுதீன். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தானே வெள்ளைக்கு ஆடத் தொடங்கினார். சிப்பாய் ஒன்றை முன்னே விட்டார். கணினி அதையும் வெட்டியது. இன்னொன்றை விட்டார். பிறகு திறந்த வழியால் மற்றக் கோட்டை உள்ளே போனது. திரையின் எண் தயங்கியது, ஏறியது, ஏழையும் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. கடைசியில் கறுப்பு ராசா மூலையில் அகப்பட்டார்.

பாயிஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ் தோத்திட்டா எண்டு சொன்ன நிலையில, தன்னை வைச்சா உண்மையாவே தோக்குது," என்றான் மெதுவாக. "தீன் போட்டாத் தின்னுது. ஏன் போடுறான் எண்டு கேக்கத் தெரியல்ல."

"ஆனா தம்பி," என்றாள் கமலாதேவி, "புதுசா ஓர் ஆட்டம் போடுங்கோ. முதல்ல இருந்து. நான் வெள்ளை."

கனகரத்தினம் கொழும்புக்குப் போன் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஏற்பாட்டாளரின் வீட்டு இலக்கம் அவரிடம் இருந்தது. லைன் கிடைக்க நேரமெடுத்தது. அதற்குள் கமலாதேவி கணினியோடு புது ஆட்டத்தைத் தொடங்கியிருந்தாள். திறந்த பலகையில் அது வேறு ஆளாக இருந்தது. அவள் ஒரு தாக்குதலைத் தடுக்கும் முன் இன்னொன்று வந்தது. எங்கோ தொலைவில் ஒரு குதிரையை வைத்து, பல நகர்வுக்குப் பிறகு அவளுடைய ராணியைப் பிடித்தது. எட்டத்தில் வருவதை அவளால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. தேநீர்க் கோப்பை காலியாகும் முன்பே ஆட்டம் முடிந்துவிட்டது. அவள் தன் ராசாவைப் படுக்க வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பாத்தீங்களா," என்றான் பாயிஸ், கொஞ்சம் உற்சாகம் திரும்பி. "எண்ணுறதில இதோட நம்மளுக்கு ஏலா."

"ஓம். அதில எனக்குச் சண்டை இல்லை," என்றாள். "இப்பிடி எத்தினை தரம் வேணுமெண்டாலும் என்னை வெல்லட்டும். விளையாடி வெல்லட்டும். மற்றாக்களின்ர ஆட்டத்தில விளங்காமத் தீர்ப்புச் சொல்லாம இருந்தாச் சரி."

பக்கத்து அறையில் லைன் கிடைத்துவிட்டது. கனகரத்தினம் சத்தமாகத்தான் கதைப்பார்; கொழும்பு வரைக்கும் தன் குரலாலேயே எட்டவேண்டும் என்பதுபோல. எல்லோரும் கதவடிக்கு வந்து நின்றார்கள்.

"ஓம், திருகோணமலை... கடைசி ஆட்டத்தின்ர முடிவை மாத்தோணும்... ஓம், சமன்... ரெண்டாவது இடம் கமலாதேவி. க, ம, லா..."

மறுமுனையில் எதிர்ப்பு வந்தது என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது. பெயர்கள் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம். தவிரவும் நீங்கள்தானே கணினித் தீர்ப்பு என்று அனுப்பினீர்கள் என்று கேட்டார்கள் போல.

கனகரத்தினம் வாழ்நாள் முழுவதும் மேலிடத்துக்கு "சரி சேர்" சொல்லியே பழகியவர். இவர் விட்டுக்கொடுத்தால் தானே போய்ப் போனை வாங்குவதென்று கமலாதேவி ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டாள்.

"இல்லை," என்றார் கனகரத்தினம் போனுக்குள். "நான்தான் அனுப்பினனான். பிழையா அனுப்பிப்போட்டன்... கம்பியூட்டர் இப்பவும் அப்பிடித்தான் சொல்லுது. இஞ்ச பக்கத்தில நிண்டுகொண்டு சொல்லுது... கேளுங்கோ, அது சொல்லுறதைச் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். விளையாடின ரெண்டு பேரும் கை குடுத்திட்டினம். நான் நடுவர், நான் கண்ணால பாத்தனான். நீங்கள் அச்சை மாத்துங்கோ."

போனை வைத்துவிட்டு, கதவடியில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொண்டையைச் செருமினார்.

"பதினெட்டாம் திகதி கொழும்பில முதல் சுற்று," என்றார் கமலாதேவியிடம். "அடையாள அட்டை, பயணப் பாஸ் எல்லாம் எடுத்து வையுங்கோ. ரெயினுக்கு ஸெய்னுதீனோட சேந்து போனா நல்லது. வழியில பலகை ஒண்டும் வைச்சிருங்கோ."

"வழி முழுக்க என்னட்ட ஓசியில கோட்டை கேக்கக்கூடாது," என்றார் ஸெய்னுதீன்.

"நீங்கள் தந்தாலும் எடுக்க மாட்டன்," என்றாள் கமலாதேவி. குணரத்தினம் கீழே போய் சைக்கிளை எடுத்தான். அவள் படியிறங்கிப் போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள். கண்டி வீதிச் சோதனைச் சாவடியில் மதியத்துக்குப் பிறகு வரிசை நீண்டுவிடும். அதற்கு முன் வீடு போய்ச் சேரவேண்டும்.